திரும்பிப் பார்க்காமல் ஓடுவது

4×100 மீட்டர் தொடரோட்டத்தில் பேட்டனை வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை. தான் நிற்கும் இடத்துக்குப் பின்னால், பாதங்களால் அளந்து, தடத்தில் ஒரு நாடாத் துண்டை ஒட்டி வைத்திருப்பார். ஓடிவருபவரின் கால் அந்த நாடாவைத் தாண்டியதும் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டு முழு வேகத்தில் கிளம்பிவிட வேண்டும். பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். உடனே கையைப் பின்னுக்கு நீட்டினால் உள்ளங்கையில் பேட்டன் வந்து அழுந்தும். இவ்வளவும் 30 மீட்டர் எல்லைக்குள் முடிந்தாக வேண்டும். வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு இது மூன்று நான்கு வினாடி வேலை. 4×400 மீட்டரில் இந்த வழக்கம் இல்லை. ஒரு சுற்று முழுதும் ஓடிக் களைத்து வருபவரின் வேகத்தைக் கணிக்க முடியாது என்பதால், அங்கே வாங்குபவர் திரும்பிப் பார்த்தே வாங்குகிறார். குறுந்தொலைவு ஓட்டத்தில் அப்படிப் பார்த்தால் தோள் திரும்பும், நடை குலையும், நேரம் போகும். பார்த்தவர் பேட்டனைப் பத்திரமாக வாங்கிவிடுவார். ஆனால் போட்டி கைவிட்டுப் போகும்.

குழு விளையாட்டில் நம்பிக்கை எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை இந்தச் சில வினாடிகள் காட்டிவிடுகின்றன. சரிபார்ப்பதும் முழு வேகத்தில் ஆடுவதும் ஒரே நேரத்தில் நடக்க முடியாத இடம் அது. அங்கே ஆட்டக்காரர் சரிபார்ப்பதை விட்டுவிடுகிறார். நம்பிக்கை பற்றிப் பயிற்சியாளர்கள் பேசும்போது பெரும்பாலும் அதை ஓர் உணர்ச்சியாகவே பேசுகிறார்கள்: அணி ஒரு குடும்பம், எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் பாசமாக இருக்க வேண்டும் என்பதுபோல. ஆடுகளத்தில் தேவைப்படுவது அந்த உணர்ச்சி அல்ல, இந்தக் கைவிடல்தான். ஆனால் கண்ணால் காணாததைக் கண்டதுபோல எடுத்துக்கொண்டு நடப்பது அறிவுக்குப் பொருந்துமா, பொருந்தினால் எந்த அளவுக்கு என்ற கேள்வி இங்கே எழுகிறது. சமயத்திலும் தத்துவத்திலும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது.

முதலில் நம்பிக்கையை அதன் பக்கத்துவீட்டுக்காரரான எதிர்பார்ப்பிடமிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அனெட் பேயர் என்ற தத்துவவாதி 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தப் பிரிவை வலுவாக நிறுவியது. ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் நாள் தவறாமல் ஒரே நேரத்தில் உலாவப் போவார். அதைப் பார்த்து ஊரார் நேரம் தெரிந்துகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒருநாள் அவர் வராவிட்டால் ஊராருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். அவர் தங்களுக்குத் துரோகம் செய்துவிட்டதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எதிர்பார்ப்பு பொய்த்தால் ஏமாற்றம், நம்பிக்கை பொய்த்தால் துரோகம் என்பது பேயரின் வரையறை.

கிரிக்கெட் மைதானத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். ஆடுதளம் எதிர்பார்த்தபடி பந்தை எழுப்பாவிட்டால் பந்துவீச்சாளர் அலுத்துக்கொள்கிறார். தளத்தின் மேல் அவருக்குக் கோபம் வருவதில்லை. சக வீரர் பாய்ந்து விழுந்தும் கேட்சைத் தவறவிட்டால், தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பந்துக்குத் திரும்பி நடக்கிறார். அதே வீரர் பாயாமல் நின்றபடியே கையை நீட்டியிருந்தால் கதை வேறு. அன்று மாலை உடைமாற்றும் அறையில் பேச்சு தடித்துவிடும். இரண்டிலும் ஸ்கோர் அட்டையில் விளைவு ஒன்றே, கேட்ச் போனது. தோற்ற திறமையை மன்னிக்கிற அணி, தராத முயற்சியை மன்னிப்பதில்லை. ஆக, நம்பிக்கையின் பொருள் சக வீரரின் திறன் மட்டுமல்ல. தன் திறனை இந்த அணிக்காகச் செலவிடுவார் என்ற அவரது மனமும் அதில் அடக்கம்.

அந்த மனம் நட்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1995-இல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் பயிற்சியில் மைக்கேல் ஜோர்டன் சக வீரர் ஸ்டீவ் கெர்ரை முகத்தில் குத்தினார். இருவரும் அதைப் பிறகு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குப் பின்தான் ஜோர்டனின் மதிப்பு தனக்குக் கிடைத்தது என்பது கெர்ரின் கணிப்பு. 1997 ஜூன் 13 அன்று யூட்டா ஜாஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். புள்ளிகள் சமமாக இருந்தன. கடைசி நேர இடைவேளையில், ஜான் ஸ்டாக்டன் தன்னை மறிக்க ஓடிவருவார், அப்போது கெர் தனியாக நிற்பார் என்று ஜோர்டன் முன்கூட்டியே சொன்னார். தயாராக இருப்பதாகக் கெர் பதில் சொன்னார். சொன்னபடியே ஸ்டாக்டன் வந்தார், பந்து கெர்ரிடம் போனது, ஐந்து வினாடி மிச்சமிருக்கையில் அவர் போட்ட கூடையோடு கோப்பை சிகாகோவுக்கு வந்தது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் எடுத்தவர், எல்லாரும் தன்னிடமே பந்தை எதிர்பார்க்கிற கணத்தில், அதை இன்னொருவர் கையில் கொடுத்தார். இருவருக்கும் இடையில் இருந்தது நட்பு என்று சொல்லிவிட முடியாது. குறிப்பிட்ட ஒரு வேலையைக் குறிப்பிட்ட ஒருவர் முடிப்பார் என்ற தெளிவு இருந்தது.

அந்தத் தெளிவு எங்கிருந்து வரலாம் என்பதில் மேலைத் தத்துவத்தில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 1877-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்டு, போதிய சான்று இல்லாமல் எதையும் நம்புவது அறப்பிழை என்று வாதிட்டார். அவர் தந்த எடுத்துக்காட்டு ஒரு கப்பல் முதலாளி. பழைய கப்பல் இத்தனை பயணம் போய் வந்திருக்கிறது, இதுவும் போய் வரும் என்று தன் மனத்துக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதைக் கடலுக்கு அனுப்புகிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி. கிளிஃபர்டின் கூர்மை அடுத்த அடியில் இருக்கிறது. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்தாலும் அவர் குற்றவாளிதான், ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. சேர்ந்து பயிற்சி செய்யாத நால்வரைத் தொடரோட்டத்தில் இறக்கிவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளரை இந்த வாதம் நேராகப் பிடிக்கும். பேட்டன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் பிடிக்கும்.

1896-இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் இதற்கு எழுதிய மறுப்பு, விளையாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. சில உண்மைகள் நம்முடைய நம்பிக்கைக்காகக் காத்திருப்பதில்லை. நாளை மழை வருமா என்பது அந்த வகை. வேறு சில உண்மைகளோ, அவை நடக்கும் என்று முதலில் நம்பினால்தான் நடக்கும். ரயிலில் ஏறிய சில கொள்ளையர், ஒரு வண்டி நிறைய இருக்கும் பயணிகளை மிரட்டிப் பறிக்க முடிகிறது. தான் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தால் கொள்ளையே நடந்திராது. ஒருவரை ஒருவர் நம்புவதால் மட்டுமே நிலைக்கும் அமைப்புகளாக ராணுவம், வணிகம், கப்பல், கல்லூரி முதலியவற்றோடு விளையாட்டு அணியையும் ஜேம்ஸ் பட்டியலிட்டிருக்கிறார். கையை நீட்டினால் பேட்டன் வரும் என்று நம்பி ஓடுபவருக்குத்தான் பேட்டன் சரியான இடத்தில் வரும். சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைப்பவர் மேல் பின்னால் வருபவர் முட்டிக்கொள்வார். சந்தேகம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்பதுபோலத்தான் பாடநூல்கள் வழக்கமாக எழுதுகின்றன. அந்தக் கட்டாயம் இல்லை என்பதற்குத் திருக்குறளின் 51-ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதலே சான்று. அரசன் தன் வினைக்கு ஆள் எடுப்பது பற்றிய அதிகாரம் அது. ஆராயாமல் யாரையும் தெளியக் கூடாது என்பது அதன் முதல் நிலை. இதைக் கிளிஃபர்டு கைதட்டி வரவேற்றிருப்பார். ஆராய்ந்து எடுத்தபின் அவரவருக்கு எது பொருந்துமோ அதில் தெளிய வேண்டும் என்பது அடுத்தது. முடிவாக வருவது, தேராமல் நம்புவதையும் தேர்ந்தபின் ஐயப்படுவதையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் தரும் என்ற தீர்ப்பு. இதில் சிறப்பு, சரிபார்ப்பு சரியா தவறா என்று அது கேட்கவே இல்லை என்பதுதான். சரிபார்ப்புக்கு உரிய காலம் எது என்று கேட்கிறது. பயிற்சிக் களம் ஐயப்படுவதற்கான இடம். அங்கே எவ்வளவு ஐயப்பட்டாலும் தகும், நாடாத் துண்டை அரைப் பாதம் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். துப்பாக்கி வெடித்தபின் அந்த ஐயத்துக்கு வேலை இல்லை. வள்ளுவர் அமைச்சரையும் படைத்தலைவரையும் மனத்தில் வைத்து வகுத்த இந்த முறை, தடகளப் பயிற்சியாளரின் நாட்குறிப்பில் எழுதிவைக்கத் தக்கது.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொடரோட்ட அணிகளின் வரலாறு நீண்ட சான்று. தனியாக ஓடினால் உலகில் அவர்களுக்கு நிகர் குறைவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே மாலையில் தகுதிச் சுற்றிலேயே பேட்டனைக் கீழே போட்டன. 2016 ரியோவில் ஆண்கள் அணி மூன்றாவதாக வந்தும், ஒரு மாற்றம் எல்லைக்கு வெளியே நடந்ததாகத் தகுதி நீக்கப்பட்டது. 2021-இல் டோக்கியோவில் இறுதிக்கே வரவில்லை. 2024 பாரிஸில் மறுபடியும் எல்லை மீறிய மாற்றம், மறுபடியும் தகுதி நீக்கம், தங்கம் 37.50 வினாடியில் கனடாவுக்குப் போனது. அந்த 2016 ரியோவில் வெள்ளி வென்றது ஜப்பான். அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை அதிகாரபூர்வ நேரமாக 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியதில்லை. அவர்கள் எடுத்த நேரம் 37.60 வினாடி, உசைன் போல்ட் ஓடிய ஜமைக்கா 37.27. பேட்டனைக் கீழிருந்து மேலாகக் கைக்குள் தள்ளும் பழைய முறையை ஜப்பானியர் ஆண்டுக்கணக்கில் பயின்று தங்களுடையதாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் நெருங்கி வர வேண்டியிருப்பதால் அதில் கை நீட்டும் தொலைவின் ஆதாயம் கொஞ்சம் குறையும். ஆனால் வாங்குபவரின் கை இயல்பான நிலையில் இருப்பதால் ஓட்டம் குலைவதில்லை. அமெரிக்க வீரர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்று சொல்வது எளிது, நியாயம் அல்ல. அவர்களில் பலர் அளவுக்கு மீறி நம்பி, அதாவது முன்னதாகக் கிளம்பி, எல்லையைக் கோட்டைவிட்டவர்கள். இல்லாமல் போனது நம்பிக்கை அல்ல, அதற்கு அடியில் கிடக்க வேண்டிய ஆராய்ச்சி.

மாற்றத்தின்போது வரும் அந்தச் சத்தம், தத்துவத்தில் இன்னொரு பழைய கேள்வியைத் திறக்கிறது. பிறர் சொல்லை அறிவுக்கு வழியாகக் கொள்ளலாமா? இந்திய மெய்யியல் இதை அளவை பற்றிய விவாதத்தில் வைத்துப் பேசியது. உலகாயதர் காட்சி ஒன்றையே அளவையாக ஏற்றார்கள். தொடரோட்டத்தில் அவர்களை நிறுத்தினால் திரும்பித்தான் பார்ப்பார்கள். நியாயவாதிகள் சொல்லையும் தனி அளவையாகக் கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் செய்த சிவஞான சித்தியார், காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்ற அளவைகளை அடக்குகிறது. ஆனால் எல்லார் உரையும் அளவையாகாது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தன் யார் என்பதற்கு இலக்கணம் சொல்கிறார். பொருளை நேரில் அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன், இவனே ஆப்தன். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்க்கிறார். அறிவும் நல்லெண்ணமும் இருந்தால் போதும், பிறப்பு கேட்கப்படவில்லை. வேற்று நாட்டு வீரர்களை ஏலத்தில் எடுத்து இரண்டு மாதத்தில் அணியாக்கும் இன்றைய லீக் போட்டிகளுக்கு, சாதியும் ஊரும் பார்த்து அணி சேர்த்த காலத்துப் பழக்கத்தைவிட இந்த இலக்கணமே பொருந்துகிறது.

கிரிக்கெட்டில் ரன் ஓடுவது முழுக்க முழுக்க இந்த உரை அளவையின் மேல் நிற்கிறது. மட்டை பிடிப்பவருக்கு முன்னால் போகும் பந்துக்கு அவர் குரல் கொடுக்க வேண்டும், பின்னால் போகும் பந்துக்கு எதிர்முனையில் நிற்பவர் கொடுக்க வேண்டும். யாருக்குப் பந்து நன்றாகத் தெரிகிறதோ அவருக்கே சொல்லும் உரிமை. மற்றவர் பந்தைப் பார்க்காமல் சொல்லைக் கேட்டு ஓட வேண்டும். வா, வேணாம், நில்லு என்ற மூன்றுக்கு மேல் நான்காவது சொல் கிடையாது. தெருக் கிரிக்கெட்டில் பாதி ரன் அவுட்டுகள் இரண்டு பேரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுகிறவை.

உலகக் கோப்பை அரையிறுதியிலும் அப்படி ஒன்று விழுந்தது. 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன். ஆஸ்திரேலியா எடுத்த 213-ஐத் துரத்திய தென் ஆப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், ஒரே விக்கெட் மிச்சம். டேமியன் ஃபிளெமிங்கின் முதல் இரண்டு பந்துகளையும் லான்ஸ் குளூஸ்னர் நான்குக்கு அடித்தார். ஸ்கோர் சமம். மூன்றாவது பந்தில் எதிர்முனையில் இருந்த ஆலன் டொனால்ட் கோட்டை விட்டு முன்னேறிப் பின் திரும்ப நேர்ந்தது. டேரன் லீமனின் எறி ஸ்டம்பைத் தவறியதால் தப்பினார். நான்காவது பந்தை குளூஸ்னர் மிட் ஆஃப் பக்கம் அடித்துவிட்டு ஓடினார். பந்து அவருக்கு முன்னால் போனது, முடிவு அவருடையது. டொனால்டின் கண்ணோ பந்தின் மேல் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தியபோது குளூஸ்னர் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். மட்டை கையைவிட்டு விழுந்தது, அதை விட்டுவிட்டு ஓடினார், எட்டவில்லை. இன்னும் இரண்டு பந்துகள் கைவசம் இருந்தன. ஆட்டம் சமனில் முடிய, முந்தைய சுற்றின் தரவரிசையால் ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. டொனால்டைக் குறைசொல்லும் எழுத்துகள் ஏராளம். ஒரு பந்துக்கு முன் நூலிழையில் தப்பியவர் மறுபந்தில் தன் கண்ணையே நம்பியது மனித இயல்பு. தேர்ந்தபின் ஐயுறுதல் என்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. அண்மையில் பட்ட சூட்டால் வருகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் நம்பிக்கை எவ்வளவு கூடினாலும் நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கும் ஆட்களை வைத்துச் செய்த சோதனைகளை 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது. ஒருங்கிணைப்புக் கோளாறு இதில் ஒரு பகுதி. 1974-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு பகுதியைப் பிரித்துக் காட்டினார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒருவரை மட்டும் இழுக்கவிட்டபோதும் அவருடைய விசை குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையே கையைத் தளர்த்தியது.

பொங்கல் விழாவில் கயிறு இழுத்தவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல. தமிழ் வைணவத்தில் இதற்கு நேர் இணையான ஒரு பெரும் பிணக்கு உண்டு. இறைவனைச் சரணடைந்தவன் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல இருக்க வேண்டும் என்பது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரின் நிலை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போல இருந்தால் போதும், உயிரின் முயற்சி அங்கே தடையே என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரின் நிலை. இறையியலில் இரண்டுக்கும் வலுவான வாதங்கள் உள்ளன. இறைவன் கைவிடமாட்டான் என்பது அங்கே இரு தரப்புக்கும் பொதுவான அடிப்படை. ஆடுகளத்தில் அந்த அடிப்படை கிடையாது. சக வீரர் கைவிடலாம், கால் தடுக்கலாம், அவருக்கும் மூச்சு வாங்கலாம். ஆகவே பூனைக்குட்டியின் நம்பிக்கை அணிக்குள் நுழைந்தால் அது சோம்பலாகிவிடும். பேட்டன் வரும் என்று நம்புபவர் நிற்பதில்லை, இன்னும் வேகமாக ஓடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுள் நம்பிக்கையும் சக மனிதர் மேல் வைக்கும் நம்பிக்கையும் ஒன்றே என்று விளையாட்டு உரைகளில் அடிக்கடி கேட்கிறது. இரண்டும் பார்க்காமல் நடப்பவை என்ற அளவில் மட்டுமே அந்த ஒப்புமை நிற்கும்.

கபடியில், சோம்பவைக்கும் நம்பிக்கைக்கும் முயலவைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு உடம்பிலேயே தெரியும். பாடி வருபவரை வளைக்கும் ஏழு பேரில் ஓரத்தில் நிற்கும் கார்னரும் பக்கத்தில் நிற்பவரும் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். பாடி வருபவர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது கார்னர் கணுக்கால் பிடிக்குப் பாய்கிறார். பாய்ந்தவர் தரையில் கிடப்பார். அவரால் இனி ஓட முடியாது, நிமிர முடியாது, பிடியைத் தவிர வேறெதுவும் அவரிடம் இல்லை. கவர் ஆட்டக்காரர்கள் அந்த நொடியே வந்து இடுப்பிலும் தோளிலும் மோதினால் பிடி நிலைக்கும். அரை நொடி தாமதித்து வந்தால் எதிராளி எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். தொட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி போகும். ஆகவே பின்னால் நிற்பவருக்கு ஒதுங்கி நிற்க நல்ல காரணம் எப்போதும் இருக்கிறது. பிடி நழுவும் என்று அவர் நினைத்தால் ஒதுங்குவதே கணக்குப்படி லாபம். அவர் ஒதுங்குவதாலேயே பிடி நழுவுகிறது. மெய்யியலாளர் ரூசோ 1755-இல் எழுதிய மான் வேட்டை இதே வடிவம். எல்லாரும் தம் இடத்தில் நின்றால் மான் கிடைக்கும். முயல் ஒன்று பக்கத்தில் ஓடினால் அதைத் துரத்தி ஒருவர் போய்விடுவார், மற்றவர்களுக்கு மான் கிடைக்காமல் போவதைப் பற்றி அவர் கவலைப்படமாட்டார்.

இந்தச் சிக்கலை மனிதர்கள் எப்படித் தாண்டுகிறார்கள் என்பதற்குத் தத்துவவாதி டேவிட் ஹியூம் தந்த விடை, படகில் இரண்டு துடுப்பு போடும் இருவர். ஒருவருக்கொருவர் எந்த வாக்குறுதியும் கொடுத்துக்கொள்ளாமலே அவர்கள் ஒத்து வலிக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பும் அடுத்த இழுப்புக்குச் சான்றாகிறது. நல்ல கபடி அணியில் யாரும் யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. நூறு முறை பாய்ந்தபோது நூறு முறையும் பின்னால் மோதிய உடம்பின் கனம்தான் அங்கே சான்று.

நம்பிக்கை வெற்றியைத் தருகிறதா, வெற்றி நம்பிக்கையைத் தருகிறதா என்பது எஞ்சியிருக்கும் கேள்விகளில் முக்கியமானது. கர்ட் டெர்க்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கல்லூரிகளின் 30 கூடைப்பந்து அணிகளை வைத்துச் செய்த ஆய்வை 2000-இல் வெளியிட்டார். அதில் கிடைத்த விடை பலருடைய எதிர்பார்ப்புக்கு மாறானது. சக வீரர்கள் மேல் இருந்த நம்பிக்கைக்கும் பின்னர் கிடைத்த வெற்றிகளுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. பயிற்சியாளர் மேல் இருந்த நம்பிக்கைக்குத் தொடர்பு இருந்தது. முந்தைய வெற்றிகள் பயிற்சியாளர் மேல் நம்பிக்கையை வளர்த்தன, அந்த நம்பிக்கை பிந்தைய வெற்றிகளுக்கு உதவியது. ஆக இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. சக வீரர்கள் மேல் நம்பிக்கை பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். வினாத்தாளில் அளக்கக் கிடைப்பது ஆட்டக்காரரின் கருத்து. சங்கிலியில் நிற்பவர் மோதினாரா ஒதுங்கினாரா என்பதை வினாத்தாள் பார்ப்பதில்லை.

தலைவர் மேல் வைக்கும் நம்பிக்கை இவ்வளவு வலுவானது என்றால் அதன் ஆபத்தும் அதே அளவுக்குப் பெரியது. தென் ஆப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த ஹான்சி குரோனியே தம் நாட்டில் பெருமதிப்புப் பெற்றவர், தம் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைக்காதவர். 2000-இல் நாக்பூர் ஒருநாள் ஆட்டத்துக்கு முன், பணம் பேசி, 20 ரன்னுக்குக் குறைவாக எடுக்கும்படி ஹெர்ஷெல் கிப்ஸை அவர் கேட்டார். ஹென்றி வில்லியம்ஸிடமும் இதுபோல் கேட்டார். இருவரும் அப்போது ஒப்புக்கொண்டதாக அந்த ஆண்டே கிங் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். கிப்ஸ் ஆட்டத்தில் 74 ரன் அடித்துவிட்டார் என்பது வேறு. இருவருக்கும் ஆறு மாதத் தடை, குரோனியேவுக்கு ஆயுள் தடை. தலைவர் கேட்டதால் மறுக்கத் தோன்றாத மனநிலை, நல்ல நாட்களில் அதே அணியைப் பல வெற்றிகளுக்கு இட்டுச் சென்ற மனநிலைதான். ஆப்தன் இலக்கணத்தின் இரண்டாம் பாதி இங்கே முறிந்தது. குரோனியேவுக்கு ஆட்டம் தெரியும், அறிந்ததை அறிந்தபடி அணிக்காகச் செலவிடும் எண்ணம் இல்லாமல் போனது. பயிற்சிக் களத்தில் எத்தனை முறை சோதித்தாலும் ஓட்ட வேகம் தெரியும், இந்த எண்ணம் தெரியாது. வள்ளுவரின் சோதனைப் பட்டியலில் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கும் முதலிலேயே நிற்பதற்குக் காரணம் இதுவாக இருக்க வேண்டும்.

முறிந்த நம்பிக்கையை மீட்பது துரோகத்திலும் தவறிலும் வெவ்வேறு வழியில் நடக்கிறது. துரோகத்துக்குத் தண்டனையும் விலக்கமும் உண்டு. தவறு செய்தவருக்கு அணி என்ன கடன்பட்டிருக்கிறது என்பது கடினமான கேள்வி. ஹார்ஸ்பர் என்ற தத்துவவாதி 1960-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒருவர் இப்போது நம்பத் தக்கவராக இல்லாவிட்டாலும், நம்பப்படுவதால் அப்படி ஆகக்கூடும் என்று கருதி அவரை நம்புவது அறத்துக்கு உகந்ததாகலாம். மருந்து போலப் பயன்படும் நம்பிக்கை இது. ஸ்லிப்பில் இரண்டு கேட்சை விட்டவரை அங்கேயே நிறுத்தி வைக்கும் கேப்டன் செய்வது இதைத்தான். ஆனால் அந்த மருந்தின் விலையை மற்ற பத்துப் பேரும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்பதால், தனி மனிதருக்கு இருக்கும் தாராளம் அணித் தலைவருக்கு இருப்பதில்லை.

அமெரிக்க ஓட்டக்காரர் லாரின் வில்லியம்ஸின் கதையில் இந்தச் சமன்பாட்டைக் காணலாம். 2004 ஏதென்ஸ் இறுதியில் மரியன் ஜோன்ஸிடமிருந்து அவருக்குப் பேட்டன் எல்லைக்குள் வந்து சேரவில்லை, அமெரிக்கா தகுதி நீக்கப்பட்டது. நான்கு ஆண்டு கழித்துப் பெய்ஜிங்கில் டோரி எட்வர்ட்ஸிடமிருந்து வாங்கும்போது பேட்டன் கீழே விழுந்தது. ஏதென்ஸில் மூன்றாவது ஓட்டமும் பெய்ஜிங்கில் கடைசி ஓட்டமும் அவருடையவை, இரண்டிலும் தோல்வி அவர் கைப்பக்கம் நடந்தது. 2012 லண்டனிலும் அவரை அணியில் எடுத்தார்கள். தகுதிச் சுற்றில் அதே கடைசி ஓட்டத்தை அவரிடமே கொடுத்தார்கள். இந்த முறை பேட்டன் சரியாக வந்தது, அணி இறுதிக்குத் தேறியது. இறுதி ஓட்டத்தில் கடைசி இடம் கார்மெலிடா ஜெட்டருக்குப் போனது. அந்த அணி 40.82 வினாடியில் ஓடி, கிழக்கு ஜெர்மனி 1985-இல் படைத்திருந்த 41.37 என்ற உலக சாதனையை முறியடித்தது. தகுதிச் சுற்றில் ஓடியவர் என்பதால் வில்லியம்ஸுக்கும் தங்கப் பதக்கம் உண்டு.